எலும்பை அறிதல்: ஆட்டுக்காலிலிருந்து புதைபடிவம் வரை

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். எந்தப் படியில் நின்று பக்கத்துப் பாறையைத் துருவினாலும் அதில் எலும்பு இருக்காது. இந்த மலையும் சுற்றியுள்ள குன்றுகளும் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான நைஸ், கிரானைட் வகைப் பாறைகள். பாலூட்டிகள் தோன்றி இருபது கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஆகவே சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நாம் பார்க்க வேண்டியது ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மண்ணை. பொன்னையாறு, பாலாறு, காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீரை வாங்கிக்கொண்டு கிழக்கே போகும் கொசஸ்தலையாறு ஆகியவற்றின் கரைகளில் பழைய வண்டலும் சரளையும் களிமண்ணும் அடுக்கடுக்காக வெட்டுண்டு நிற்கின்றன. பழைய விலங்கின் எலும்பு இந்தப் பக்கத்தில் எங்காவது இருக்குமானால் அங்கேதான் இருக்கும்.

கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கு பழங்கால ஆய்வில் சாதாரண இடம் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார்கள். 1999 முதல் அங்கே சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழாய்வு, கீழடுக்குகளில் கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று காட்டியது. அந்த முடிவு 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது.

கற்கருவிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்த அந்த இடத்தில் விலங்குகளின் எச்சமாகக் கிடைத்தவை ஒரு சில பற்களும், களிமண்ணில் பதிந்த குளம்புத் தடங்களும்தான். மாடு அல்லது எருமை, குதிரையினம், ஆடு அல்லது நீலான் வகை என்ற அளவுக்கே அந்தப் பற்களை அடையாளம் சொல்ல முடிந்தது. பழைய எலும்பு தேடும் இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருபவர் இதை மனத்தில் நன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும். நம் பக்கத்து மண் கல்லைக் காப்பாற்றுகிறது, எலும்பைக் காப்பாற்றுவதில்லை.

காரணம் வேதியியல். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் சார்ந்த கனிமம், மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். புரதத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். கனிமத்தை அமிலத்தன்மை கொண்ட மண்ணும் ஆண்டுதோறும் இறங்கும் மழைநீரும் கரைத்துவிடும். செம்புராங்கல் சரளை அப்படிப்பட்ட மண். பல்லின் எனாமலில் கனிமம் 96 சதவீதம் என்பதால் எலும்பு போன பிறகும் பல் தாக்குப்பிடிக்கிறது. இதற்கு நேர்மாறு ஆந்திரத்தின் கர்னூல் குகைகள். சுண்ணாம்புக்கல் குகை என்பதால் கால்சியத்துக்கு அங்கே பஞ்சமில்லை. 1880களில் ஃபூட்டும் அவர் மகன் ஹென்றியும் பில்லா சுரங்கம் குகைகளில் தோண்டியபோது எலும்புகள் குவியலாகவே கிடைத்தன. அவற்றைத் தொல்லுயிரியலாளர் ரிச்சர்ட் லைடெக்கர் ஆராய்ந்து, இன்று அந்தப் பக்கம் அடியோடு இல்லாத காண்டாமிருகம் உட்படப் பல விலங்குகளை அடையாளம் கண்டார். தமிழ்நாட்டிலும் காண்டாமிருகம் இருந்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் பக்கத்தில் அதன் புதைபடிவம் கிடைத்திருக்கிறது.

சோளிங்கரில் இருந்து தேடுபவருக்கு முழு எலும்புக்கூடு கிடைக்கும் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன். வாழ்நாளில் ஒருமுறை ஒரு பல்லோ, கால் எலும்பின் நுனியோ, சரளைக்கு நடுவே பழுப்பு நிறத்தில் தலைநீட்டலாம். அந்தக் கணத்தில் அது என்னவென்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கல் என்று தாண்டிப் போய்விடுவோம், அல்லது போன வருடம் செத்த எருமையின் பல்லைப் பத்தாயிரம் ஆண்டுப் பழையது என்று கொண்டாடுவோம். ஆகவே இந்தப் பொழுதுபோக்கின் பெரும்பகுதி, இன்றைய விலங்குகளின் எலும்பைக் கையால் தடவித் தடவிக் கற்பதுதான். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் தோலும் புழங்கும் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதியைவிட அதற்கு வசதியான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

ஆட்டுக்காலில் தொடங்குங்கள்

ஆட்டுக்கால் பாயா சாப்பிட்ட தட்டில் நீண்டு கிடக்கும் எலும்பைத் தூக்கிப் போடாதீர்கள். விலங்கியல் படித்தவர்கள் அதை மெட்டாபோடியல் என்பார்கள். நாம் குழாய் எலும்பு என்று வைத்துக்கொள்வோம். நம் உள்ளங்கைக்குள் இருக்கும் நீள எலும்புகளுக்கு இணையானது அது. ஆட்டில் அவற்றுள் இரண்டு மட்டும் வளர்ந்து, ஒன்றாக ஒட்டி, ஒரே குழாயாகிவிட்டன. ஒட்டிய தடம் முன்பக்கம் நெடுக ஒரு வாய்க்காலாகத் தெரியும். கீழ்நுனியில் இரண்டு உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டு உருளைக்கும் நடுவே ஒரு பிளவு. ஒவ்வொரு உருளையிலும் ஒரு குளம்பு மாட்டியிருந்தது. பிளவுபட்ட குளம்பு என்று நாம் சொல்வதன் எலும்பு வடிவம் இதுதான்.

இந்த ஒரு எலும்பிலேயே நான்கு பாடங்கள் இருக்கின்றன. குறுக்கே வெட்டிய முகத்தைப் பாருங்கள். பின்பக்கம் தட்டையாக, அரைவட்டமாக இருந்தால் முன்னங்கால். சதுரத்துக்கு நெருக்கமாக இருந்தால் பின்னங்கால். அடுத்து, நுனி உருளைகள் தனியே கழன்று வந்தனவா என்று பாருங்கள். இளம் ஆட்டில் நுனி இன்னும் தண்டோடு ஒட்டியிருக்காது, வேகவைத்ததும் தொப்பியாகக் கழன்று வரும். சுமார் இரண்டு வயதுக்குமேல் ஒட்டிவிடும். கழன்ற நுனியை வைத்தே அந்த விலங்கு குட்டியாகச் செத்தது என்று சொல்லலாம். இது புதைபடிவத்துக்கும் அப்படியே பொருந்தும். மூன்றாவது, பின்னங்கால் வாய்க்காலின் கீழ்முனை. ஆடு, மாடு, எருமை வகையில் அது திறந்தபடி முடியும். மான் வகையில் ஒரு சிறு எலும்புப் பாலம் அதை மூடியிருக்கும். நான்காவது, குதிரையோடு ஒப்பீடு. குதிரைக்கு ஒரே விரல், ஒரே உருளை, அதன் நடுவில் ஒரு வரம்பு. உடைந்த நுனி மட்டும் கிடைத்தாலும் மாட்டினமா குதிரையினமா என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

கறிக்கடையில் கேட்டு வாங்குவதற்குக் கூச்சப்பட வேண்டாம். எதற்கு என்று சொன்னால் போதும்.

“பாய், தலையை உடைக்காம முழுசா ஒண்ணு தர முடியுமா? எலும்பு படிக்கிறதுக்கு வேணும்.”

“மூளை எடுக்காம எப்படி தம்பி குடுக்கிறது? கீழ்த்தாடையை மட்டும் அலுங்காமக் கழட்டித் தரேன். கால் நாலும் வாட்டாம வச்சிருக்கேன், சாயந்தரம் வந்து வாங்கிக்கோ.”

கீழ்த்தாடையும் நான்கு காலும் கிடைத்தால் முதல் ஆண்டுக்கு அது போதும். ஆட்டுக்குப் பிறகு மாடு, எருமை, பன்றி என்று போகலாம். மாட்டுக்கும் எருமைக்கும் கொம்பின் உள்ளெலும்பு எளிதில் பிரித்துக் காட்டும். மாட்டில் வெட்டுமுகம் உருண்டை, எருமையில் தட்டையான முக்கோணம். கால் எலும்பிலும் பல்லிலும் இந்த இரண்டையும் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். அத்திரம்பாக்கத்துப் பல் ஒன்றுக்கு “மாடு அல்லது எருமை” என்று எழுதி நிறுத்தியது நேர்மையான தீர்ப்பு. உங்கள் குறிப்பேட்டிலும் அப்படி எழுதப் பழகுங்கள்.

கணுக்காலில் இருக்கும் சிறு எலும்பையும் தவறாமல் எடுத்து வையுங்கள். அஸ்ட்ராகலஸ் என்று பெயர். கெட்டியானது என்பதால் ஆற்றில் உருண்டும் பிழைக்கும். இரட்டைக் குளம்பு விலங்குகளில் மேலும் கீழும் இரண்டு பக்கமும் கப்பி வடிவம் இருக்கும், பன்றியிலும்கூட. குதிரையில் மேல்பக்கம் மட்டும், அதுவும் சாய்வாக.

பல் பிடித்துப் பார்த்தல்

மாட்டுச் சந்தையில் மாட்டின் உதட்டைத் தூக்கி “நாலு பல்லு”, “ஆறு பல்லு”, “கடை சேர்ந்தது” என்று வயது சொல்லும் தரகர்கள் இந்த அத்தியாயத்தின் பாதியை ஏற்கெனவே அறிந்தவர்கள். அவர்கள் பார்ப்பது கீழ்த்தாடையின் முன்பற்கள் எட்டு. மேல்தாடையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் முன்பல்லே கிடையாது, கெட்டியான ஈறு மட்டும்தான். ஆனால் மண்ணில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைவாய்ப்பல். அதைத் தரகர் பார்ப்பதில்லை, நாம்தான் கற்க வேண்டும்.

ஒரு மாட்டுக் கடைவாய்ப்பல்லைக் கையில் எடுங்கள். ஈறுக்குள் புதைந்திருந்த பகுதியே பெரிது. நெடிய தூண் வடிவம். புல்லோடு மண்ணையும் அரைத்துத் தேய்வதால், தேயத் தேய மேலே ஏறி வருவதற்கென்று இயற்கை வைத்த இருப்பு அது. அரைக்கும் முகத்தைத் திருப்பிப் பார்த்தால் எனாமல் பிறை வடிவங்களாக வளைந்திருக்கும். வெள்ளை எனாமல் மேடாகவும், நடுவில் உள்ள மஞ்சள் டென்டின் பள்ளமாகவும் இருக்கும். மெல்லிய எனாமல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் இரண்டின் உயரமும் விரலுக்குத் தெரியும். பல்லின் இரண்டு மடல்களுக்கு நடுவே பக்கத்தில் ஒரு சிறு தனித்தூண் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மாடு அல்லது எருமை என்று எழுதலாம். ஆட்டிலும் செம்மறியிலும் அது இராது. மூன்று மடல்கள் இருந்தால் அது கீழ்த்தாடையின் கடைசிப் பல், அல்லது கன்றின் பால்பல். பால்பல்லில் எனாமல் மெல்லியதாக, வேர்கள் அகன்று விரிந்திருக்கும்.

குதிரைப் பல்லும் நெடிய தூண்தான். ஆனால் பிறைகள் எளிமையாக இராமல் எனாமல் மடிப்பு மடிப்பாகச் சுருண்டிருக்கும், பல்லைச் சுற்றிலும் சிமென்ட் பூச்சு இருக்கும். பன்றிப் பல் குட்டையாக, குமிழ் குமிழாக இருப்பதால் மனிதப் பல்லோடு குழப்புபவர் உண்டு. நாயின் கன்னப்பல் கத்தி விளிம்பு. யானையின் பல் தகடுகளை அடுக்கி ஒட்டியது, உடைந்தால் தகடு தகடாகவே வரும். காண்டாமிருகத்தின் மேல்கடைவாய்ப்பல்லின் முகத்தில் எனாமல், ‘ப’ எழுத்தைக் கவிழ்த்து வைத்த வடிவத்தில் ஓடும். அந்தக் கவிழ்ந்த ப-வை நம் ஆற்றங்கரையில் எவராவது கண்டால் அது செய்தித்தாளுக்கே போக வேண்டிய விஷயம்.

வீட்டில் சுத்தம் செய்தல்

ஒப்பிட்டுப் பார்க்கும் எலும்புகளைக் குக்கரில் வேகவைக்காதீர்கள். அதிகக் கொதியில் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து எலும்பு பொடிபொடியாகும். பாயா எலும்பு தொடக்கப் பாடத்துக்குச் சரி, நிரந்தரச் சேகரிப்புக்குச் சரிவராது. கறியை இயன்றவரை சுரண்டிவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரில் ஊறப் போடுங்கள். வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள், நாற்றம் கடுமையாக இருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சில வாரங்களில் தசை தானாகக் கழன்றுவிடும். பாதித் தண்ணீரை மட்டும் அவ்வப்போது மாற்றினால் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் வாளியிலேயே தங்கும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் பலமுறை ஊறவைத்துக் கொழுப்பை எடுங்கள். வெண்மை வேண்டுமானால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை மூன்று சதவீத அளவில் பயன்படுத்தலாம். பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கூடவே கூடாது. தோல் பதனிடும் ஷாப்புகளில் முடி உதிர்க்கச் சுண்ணாம்புத் தொட்டி பயன்படுகிறதே என்று சிலர் எலும்புக்கும் முயல்கிறார்கள். அது எலும்பின் மேல்தோலை அரித்துவிடும். நிழலில் உலர்த்துங்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஏரிக்கரையிலோ வயலோரத்திலோ தானாகச் செத்துக்கிடந்த மாடு, ஆட்டின் எலும்பை எடுக்காதீர்கள். அடைப்பான் நோயில் செத்ததாக இருக்கலாம். அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் எலும்பிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும், தோல் கீறல் வழியாகவே மனிதருக்குத் தொற்றும். கறிக்கடையில் முறையாக அறுத்த விலங்கின் எலும்பை மட்டும் வாங்குங்கள், எப்போதும் கையுறை அணியுங்கள். ஜவ்வாது மலைப்பக்கம் போகும்போது காட்டில் கிடக்கும் மான்கொம்பையும் எடுக்கக் கூடாது. தானாக உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

தோல் நாட்டில் நிறத்தை நம்பாதீர்கள்

வெளிநாட்டு நூல்கள், புதைபடிவம் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும் என்று முதல் அடையாளமாகச் சொல்லும். பாலாற்றுப் பக்கத்தில் அந்த அடையாளத்தை முதலிலேயே தள்ளி வையுங்கள். இங்கே பல தலைமுறைகளாக ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டிருக்கிறார்கள். அந்தச் சாறு எலும்பையும் தோலைப் போலவே பழுப்பாக்கும். அதில் இரும்புச்சத்துள்ள நீர் சேர்ந்தால் கடுக்காய் மையின் கறுப்பே வந்துவிடும். குரோமியக் கழிவு பட்டால் நீலப்பச்சை. ஒரு மழைக்காலம் அப்படிப்பட்ட ஓடையில் கிடந்த மாட்டெலும்பு பார்வைக்குப் பழம்பொருளாகவே தெரியும். கழிவு ஓடிய மண்ணைக் கையுறையின்றித் தொடவும் வேண்டாம்.

நிறத்தை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். கனிமம் நிரம்பிய எலும்பு அதே அளவு புது எலும்பைவிடக் கையில் கனக்கும். பல்லால் அல்லது ஆணியால் லேசாகத் தட்டினால் பீங்கான் ஒலி வரும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் உடைந்த முகத்தைப் பாருங்கள். வெளியே கெட்டி எலும்பு, உள்ளே வலைப்பின்னலான பஞ்சு எலும்பு என்ற அமைப்புத் தெரிய வேண்டும். சுக்கான்கல் முடிச்சுகளும், வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து உண்டான குழாய்களும் எலும்பு வடிவத்தில் நிறையவே ஏமாற்றும். அவற்றில் இந்தப் பின்னல் இராது. வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது முடிவான சோதனை ஆகாது, ஏனென்றால் புதைபடிவத்தின் துளைகளிலும் சுண்ணாம்பு படிந்து நுரைக்கலாம்.

புது எலும்பைக் காட்டிக்கொடுக்கும் சோதனை தையலூசி. ஊசி முனையைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, எலும்பின் உடைந்த ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஆட்டுக்கால் வாட்டும்போது வரும் முடி கருகிய வாடை அடித்தால் கொலாஜன் இன்னும் இருக்கிறது, எலும்பு அண்மைக் காலத்தது. வாடை இல்லையென்றால் புரதம் போய்விட்டது என்று மட்டும் பொருள். பழையது என்று சொல்லலாம், எவ்வளவு பழையது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. கத்தி, ரம்பத் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரம்பத்தால் வெட்டிய சமதள முகம் இருந்தால் அது கறிக்கடை எலும்பு.

கரையில் தேடுதல்

வடகிழக்குப் பருவமழை கரைகளைப் புதிதாக அறுத்துவிட்டுப் போன பிறகு, தை முதல் பங்குனி வரை தேடலுக்கு நல்ல காலம். காலை வெயில் சாய்வாக விழும்போது கரையின் வெட்டுமுகத்தில் சிறு புடைப்பும் நிழல் காட்டும். ஏரி தூர்வாரும் இடங்களிலும் கிணறு வெட்டிப் போட்ட மண்ணிலும் பாருங்கள், நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு. மணல் அள்ளிய பள்ளங்களின் செங்குத்துச் சுவருக்குக் கீழே நிற்காதீர்கள். அது முன்னறிவிப்பின்றிச் சரியும்.

ஆற்றுமணலில் தளர்ந்து கிடக்கும் துண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அடுக்கில் பதிந்து நிற்கும் துண்டுக்குத்தான் அறிவியல் மதிப்பு. அதைக் கண்டதும் கை பரபரக்கும், அப்போதுதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோலோ பேனாவோ வைத்து ஒன்று, கரை முழுவதும் தெரியும்படி ஒன்று. கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறியுங்கள். மேற்பரப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஆழம், மேலே என்ன மண், கீழே என்ன மண், பக்கத்தில் கற்கருவியோ பானையோட்டோ உண்டா என்று எழுதுங்கள். பானையோடு சேர்ந்து எலும்பு வந்தால் அது ஈமக்குழியாக இருக்கலாம். மனித எலும்பு என்று ஐயம் வந்த நொடியே நிறுத்திவிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள்.

இதே வட்டாரத்தில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில், 1960களில் இந்தியத் தொல்லியல் துறை புதிய கற்கால ஊர் ஒன்றை அகழ்ந்தது. அப்படிப்பட்ட ஊர்களின் எலும்பு சில ஆயிரம் ஆண்டுகள் மட்டுமே பழையது, வளர்த்த விலங்கினுடையது. புதைபடிவ வேட்டைக்காரருக்கு அது ஏமாற்றமாகத் தோன்றலாம். தொல்லியலாளருக்கு அது பொன்.

உடையாமல் காத்தல்

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் நடந்ததை ஒவ்வொரு ஆர்வலரும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளுக்குப் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் புருகத்காயோசாரஸ் மட்லேயி என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு ஒன்றின் நீளமே இரண்டு மீட்டர் என்று பதிவானது. உலகின் மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்ற பேச்சு இன்றும் நடக்கிறது. ஆனால் எடுத்துக் காட்ட எலும்பு இல்லை. மழையில் ஊறி வெயிலில் வெடித்து இளகியிருந்த அவை முற்றிலும் நொறுங்கிப்போயின. மிஞ்சியவை கோட்டோவியங்களும் புகைப்படங்களும்தான். பாலூட்டியின் எலும்பல்ல என்றாலும், நம் தட்பவெப்பத்தில் இளகிய எலும்புக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

ஆகவே ஈரமாக வந்த எலும்பை வெயிலில் காட்டாதீர்கள். ஈரத்துணி சுற்றி நிழலுக்குக் கொண்டுவந்து, நாள் கணக்கில் மெல்ல உலரவிடுங்கள். மண்ணை மூங்கில் சிலாம்பாலும் மென்தூரிகையாலும் எடுங்கள், இரும்பு கீறிவிடும். நன்றாக உலர்ந்த பிறகு, பொடிகிற எலும்புக்குப் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் ஐந்து சதவீதம் கரைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டுங்கள். நூறு மில்லிக்கு ஐந்து கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிப் புட்டியில் கரையுங்கள், சன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது. ஈரம் மிச்சமிருந்தால் வெள்ளை பூத்துவிடும். ஃபெவிகால், ஃபெவிக்விக், வார்னிஷ் எதுவும் வேண்டாம். பாரலாய்டைப் பிற்காலத்தில் அசிட்டோன் கொண்டு திரும்பக் கரைத்து எடுத்துவிடலாம். நாளைக்கு ஆராயப்போகிறவருக்கு அந்த வசதியை விட்டுவைப்பது நம் கடமை.

தூக்கினால் உடையும் என்ற நிலையில் உள்ள பெரிய எலும்புக்கு மாவுக்கட்டுதான் வழி. புத்தூர் கட்டுக்குப் பேர்போன மலைப்பக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. எலும்பைச் சுற்றி மண்ணைத் திண்ணையாக விட்டு வெட்டி, எலும்பின்மேல் ஈரமான மென்தாள் பல அடுக்கு ஒட்ட வேண்டும். தாள் இல்லாமல் மாவு போட்டால் எலும்பும் மாவும் ஒன்றாகிவிடும். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த கோணித் துண்டுகள். இறுகியதும் அடியில் அறுத்துத் திருப்பி மறுபக்கமும் கட்டலாம். ஆனால் இது நிபுணர் முன்னிலையில் செய்ய வேண்டிய வேலை. பயிற்சிக்கு ஒரு மாட்டுத் தொடையெலும்பைக் கொல்லையில் புதைத்துக் கட்டிப் பாருங்கள்.

யாரிடம் ஒப்படைப்பது

பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. அத்திரம்பாக்கத்தையும் குடியம் குகைகளையும் கண்ணால் பார்த்துவிட்டு, பூண்டியில் உள்ள அகழ்வைப்பகத்தில் கற்கருவிகளை நிதானமாகப் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் புவியியல் பிரிவும், அரியலூர் மாவட்டம் வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகமும் கண்ணைப் பழக்கும். கொல்கத்தா போக வாய்த்தால் இந்திய அருங்காட்சியகத்தில் சிவாலிக் மலைப் பாலூட்டிகளுக்கு ஒரு நாள் முழுதும் ஒதுக்குங்கள்.

மற்ற இடங்களில் அடுக்கில் பதிந்த எலும்பு கண்டால், நீங்களே தோண்டாமல் எழுதித் தெரிவிப்பதே நல்லது. சென்னை கிண்டியில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை, கற்கருவியோ பானையோ சேர்ந்திருந்தால் மாநிலத் தொல்லியல் துறை என்று அனுப்பலாம். கடிதத்தில் “அரிய பொருள் கண்டேன்” என்ற வர்ணனை வேண்டாம். ஊர், ஆறு, எந்தக் கரை, இட அளவீடு, ஆழம், மண்ணின் வகை, நாள், அளவுகோலோடு கூடிய படங்கள், பல் என்றால் அரைக்கும் முகத்தின் நேர்ப்படம், உங்கள் ஒப்பீட்டு எலும்போடு சேர்த்து எடுத்த இன்னொரு படம் ஆகியவை போதும். மழையில் கரை இடிந்துவிடும் என்று அஞ்சி எடுத்தே ஆக வேண்டியிருந்தால், படங்களையும் அளவுகளையும் முடித்த பிறகு எடுங்கள். எடுத்ததை ஒரு துண்டு விடாமல் ஒரே பெட்டியில் போட்டு, எண்ணிட்ட சீட்டு ஒன்றைப் பெட்டிக்குள்ளும், அதே எண்ணை எலும்பின் முக்கியமற்ற பக்கத்தில் சிறிதாகவும், மீண்டும் அதையே குறிப்பேட்டிலும் எழுதுங்கள். எலும்பில் எழுதும்போது முதலில் பாரலாய்டு ஒரு கோடு தடவி, காய்ந்த பின் அதன்மேல் இந்தியன் இங்க் கொண்டு எழுத வேண்டும். அப்போதுதான் எண் துளைகளுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும், தேவைப்பட்டால் துடைத்து எடுக்கவும் வரும்.